தவக்காலத்துப் பூனை

சமையலறைக்குள் வர அனுமதியில்லாத அலுமினியத் தட்டு ஒன்று எங்கள் புத்தூர் வீட்டின் கொல்லைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. விளிம்பெல்லாம் நசுங்கல். அதன் அடியில் பொறித்திருக்கும் பெயர் எங்கள் வீட்டு ஆள் யாருடையதும் இல்லை. அது நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில் பக்கத்து வீட்டு டீச்சராக இருந்தவரின் கணவர் பெயர்.

எழுபதுகளின் கடைசியில் பாலக்கரையில் குடியிருந்தோம். எங்கள் கொல்லைக்கும் டீச்சர் கொல்லைக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவம். டீச்சர் விடியற்காலைப் பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கர், கணவரை இழந்தவர். அவருடைய ஒரே மகன் பாதிரியாராகப் படிக்கக் குருமடத்தில் சேர்ந்தபோது, தான் வளர்த்த லவ் பேர்ட்ஸ் கூண்டை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தான். ஈஸ்டர் விடுமுறைக்கு வருவான். அப்போது ஒரு குருவிகூடக் குறைந்திருக்கக் கூடாது. டீச்சருக்கு இருந்த கவலையெல்லாம் அதுதான். அந்தக் கவலைக்குக் காரணம் எங்கள் வீட்டுப் பூனை. தயிர் சாதம் தின்று வளர்ந்த பூனை என்று அம்மா அதைப் பெருமையாகச் சொல்வாள். அதற்கோ அந்தப் பெருமை கொஞ்சமும் இல்லை.

சுவர் மேல் முள் பரப்பிப் பார்த்தோம், தண்ணீரை விசிறிப் பார்த்தோம். முள்ளுக்கு நடுவே பூனை நடக்கக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். கடைசியில் டீச்சரே ஒரு வழி கண்டுபிடித்தார். மதியம் மீன் கழுவியதும் தலைகளை வேகவைத்து, துவைக்கிற கல்லின் மேல் இந்தத் தட்டில் வைத்துவிடுவார். "வயிறு ரொம்பிட்டா அது ஏங்க்கா குருவியப் பார்க்கப் போவுது?" என்றார். உண்மையிலேயே பூனை தின்றுவிட்டுக் கூண்டின் நிழலிலேயே படுத்துத் தூங்கியது. நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

தவக்காலத்தை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. சாம்பல் புதனோடு டீச்சர் வீட்டில் மீனும் கறியும் நின்றுவிடும். ஈஸ்டர் வரைக்கும் சாம்பாரும் ரசமும்தான். மதியம் பூனை வந்தது. தட்டைப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து கூண்டைப் பார்த்தது. இரண்டு நாள் பொறுத்தது. மூன்றாம் நாள் டீச்சரின் அலறல் கேட்டு ஓடினோம். கூண்டு கீழே கிடந்தது. நல்லவேளை, உயிர்ச் சேதம் இல்லை. ஒரு பச்சைக் குருவியின் வால் மட்டும் பூனை வாயில்.

அப்பா சாக்கைத் தேடினார். "நாளைக்கு இதை அரியமங்கலத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்" என்றார். நான் அழுதேன். டீச்சரும் கண் கலங்கி, "அதுக்குன்னு நான் மீன் வாங்கிடலாம்க்கா. ஆனா கொதிக்கிற வாசனையிலயே என் விரதம் போயிடும்" என்றார். மறுநாள் காலை ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு அம்மாவே மீன் மார்க்கெட்டுக்குப் போனாள்.

அம்மா மீன் வேகவைத்த அழகை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டி, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கைப்பழக்கத்தில் ஒரு சிட்டிகை பெருங்காயமும் போட்டுவிட்டாள். சுவருக்கு அந்தப்பக்கம் டீச்சரும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போதும், எறக்குங்கக்கா" என்று பக்குவம் சொன்னார். தட்டு சுவர் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. பூனையும் அதன் பின்னாலேயே வந்துவிட்டது. அந்தத் தவக்காலம் முழுக்க டீச்சர் வீட்டில் சாம்பார் மணத்தது, எங்கள் கொல்லையில் மீன் நாறியது. தெருவில் யார் என்ன கேட்டாலும் அம்மா அசரவில்லை. எனக்கு அவள் மேல் அத்தனை பெருமை.

ஈஸ்டருக்கு மகன் வந்தான். குருவிகளை எண்ணிவிட்டு, "இதுக்கு வால் எங்கம்மா?" என்றான். "தவக்காலத்துல அதுவும் எதையாவது விட்டுக்கொடுக்க வேணாமாப்பா?" என்றார் டீச்சர். அன்றே அவர் தட்டைத் திருப்பிக் கேட்டார். "இருக்கட்டும் டீச்சர். அடுத்த வருஷமும் சாம்பல் புதன் வருமில்ல?" என்றாள் அம்மா.

பிறகு அந்தத் தட்டு சுவர் தாண்டவே இல்லை. அம்மா இறந்த வருடம், எங்கள் வீட்டுக் காரியம் முடியும்வரை டீச்சர் தன் வீட்டில் மீன் வாங்கவில்லை. அப்போது தவக்காலமும் இல்லை.

இன்று புத்தூரில் பக்கத்து வீட்டுப் பெண் மாடியில் புறாக்களுக்குக் கம்பு இறைக்கிறாள். எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட சாம்பல் பூனை ஒன்று மதியமானால் கொல்லையில் வந்து உட்காருகிறது. தட்டைப் பார்க்கிறது. பிறகு மாடியைப் பார்க்கிறது. நான் ஒயர் கூடையை எடுத்துக்கொள்கிறேன்.