பெரிய வீட்டுக்காரர் கட்டிய பிரபு வேஷம்

எங்கள் ஜெபவீடு பெரிய வீட்டுக்காரரின் நிலத்தில் இருந்தது. அவருடைய தாத்தா வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம். பத்திரம் கிடையாது. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் அதைப் பார்க்கப் புரோக்கர்கள் காரில் வந்து போனார்கள். அது போனால் எங்கள் தெருவுக்குக் கூடி ஜெபிக்க வேறு இடமில்லை. ஆனாலும் அவரிடம் நேராகப் போய்க் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அப்போது எங்கள் உபதேசியார் ஒரு யோசனை சொன்னார். அறுப்பின் பண்டிகைக்கு ஒரு நாடகம். வயல் பாதி பிளாட்டாகியிருந்தது, பண்டிகையை மட்டும் நாங்கள் விடவில்லை. கதை பிரான்சு தேசத்துக் கதை. அங்கே ராஜாவின் மதத்தை விட்டு, வேதத்தைத் தங்கள் பாஷையில் வாசித்து ஜெபித்தவர்களுக்கு ஹியூகனாட்டுகள் என்று பெயராம். அவர்களில் பிரபுக்களும் உண்டு. ஒரு பிரபு தன் கோட்டைக்குள்ளேயே ஜெபக்கூடம் வைத்து, குடியானவர்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறார். ராஜாவின் படை வந்து, "ஜெபக்கூடத்தை ஒப்படை, நிலபுலமெல்லாம் உனக்கே" என்கிறது. பிரபு மறுத்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு கோட்டையை விட்டு நடக்கிறார்.

"பிரபுவா அவரையே போட்ருவோம்," என்றார் உபதேசியார். "சபை முன்னால வாயால சொல்லிட்டா, அப்புறம் எப்படி விப்பாரு?"

நாங்களும் நம்பினோம். எழுந்து நின்று சாட்சியாகச் சொன்ன வார்த்தை எங்களுக்குப் பத்திரத்துக்கும் மேலே. குடியை விட்டேன் என்று சபையில் சொன்னவன் மறுபடி குடித்தால், தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

பெரிய வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். வசனத்தைப் படிக்கும் முன்பே காஞ்சிபுரம் போய் ஜிகினாக் கிரீடமும் முழங்கால் உயரத்துக்கு ஒரு வாளும் வாடகைக்கு எடுத்து வந்தார். பிரபுவுக்குக் கிரீடம் கிடையாது என்று உபதேசியார் பணிவாகச் சொல்லிப் பார்த்தார்.

"நம்ம வூட்டு ஆளு மொட்டத் தலையோட நிக்கறதா? நீ சும்மா இருய்யா," என்று பதில் வந்தது.

பிரபுவின் மனைவியாக அவருடைய சம்சாரமே நடித்தார். வீட்டை விட்டு ஓடும் காட்சிக்கு ஒட்டியாணம் கட்டிக்கொண்டு வந்தார். குடியானவர்களோடு ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிக்கிற காட்சியும் இருந்தது. "எனக்குத் தனி டம்ளரு," என்று சொல்லிவிட்டார் பெரிய வீட்டுக்காரர். அன்றைக்கே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான் ராஜாவின் தளபதி. பண்டிகை மாலையில் கம்பெனி வாட்ச்மேன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "ஜெபக்கூடத்தை ஒப்படைக்கிறாயா?" என்று கத்தினேன்.

அவர் நெஞ்சில் அறைந்துகொண்டார். "என் தலையைக் கொடுப்பேன். தகப்பன்மார் ஜெபித்த இடத்தில் ஒரு கல்லைக் கொடேன்!" கண்ணிலிருந்து நிஜமாகவே நீர் வழிந்தது. ஜனங்கள் "அல்லேலூயா" என்று எழுந்துவிட்டார்கள். உபதேசியார் என் காதில், "காப்பாத்திட்டாரு கர்த்தர்," என்றார்.

அடுத்த வாரமே விற்றுவிட்டார். கம்பெனி பஸ் நிறுத்த இடமாம். ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் ஜேசிபி பாதிச் சுவரைத் தள்ளியிருந்தது. என் மனைவி வேதப்புத்தகங்களையும் விரிப்புகளையும் கூடையில் வாரிக்கொண்டிருந்தாள்.

உபதேசியாரும் நானும் பெரிய வீட்டுக்குப் போனோம்.

"ஐயா, அன்னிக்கு ஒரு கல்லு கூடத் தர மாட்டேன்னு சொன்னீங்களே?" என்றார் உபதேசியார்.

"அது நாடகம்யா!" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "எப்பிடி அழுதேன் பார்த்தியா? எம் பொண்டாட்டியே மெரண்டுட்டா. கர்த்தருக்கு நான் பண்ண வேண்டிய ஊழியத்த அன்னிக்கே பண்ணிட்டேன்," என்றார்.

இதை அவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னார். எனக்கு அருவருப்பாக இருந்தது. விற்றதைக்கூட விட்டுவிடலாம். கண்ணீரையும் சேர்த்து விற்ற மனுஷன்.

வெளியே வந்ததும் உபதேசியார் மெதுவாகச் சொன்னார். பிரான்சு தேசத்திலும் பல பிரபுக்கள் ராஜா சபையில் பதவிக்காக மதம் மாறிப் போனார்களாம். அவர்களை நம்பியிருந்த குடியானவர்கள்தான் நடுத்தெருவில் நின்றார்களாம்.

"அதையும் நாடகத்துல வச்சிருக்கலாமே," என்றேன்.

கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த என் ரூம்களுக்கு முன்னால் கொஞ்சம் வாசல் உண்டு. அடுத்த ஞாயிறு அங்கே பாய் விரித்தோம். முதல் பாட்டின்போதே பெரிய வீட்டுக்காரரின் கார் வந்தது. டிரைவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து எல்லாருக்கும் முன்னால் போட, அவர் உட்கார்ந்தார். பின்னால் இருந்த பெண்களுக்கு உபதேசியார் தெரியவில்லை.

"இன்னா மறைக்குது," என்றாள் என் மனைவி, சத்தமாகவே. "எல்லாரும் அந்தாண்ட திரும்பி உக்காருங்கடி."

பெண்கள் திரும்பினார்கள். பிறகு ஆண்கள். உபதேசியார் ஒரு நொடி தயங்கி, வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போய் நின்றார். இப்போது எல்லாருக்கும் கடைசியில் அந்த நாற்காலி.

அடுத்த பாட்டில், பின்னாலிருந்தும் பெரிய வீட்டுக்காரரின் குரல்தான் எல்லாருடையதையும்விட உரக்கக் கேட்டது.