உடையாத சங்கம்

எங்கள் ஊர்ப் பெண்கள் பாடசாலையின் பழைய மாணவிகள் சங்கத்துக்கு ரொறன்ரோவில் இரண்டு கிளைகள். முதலில் ஒன்றுதான் இருந்தது. விழாவில் குத்துவிளக்கை யார் முதலில் ஏற்றுவது என்று வந்த சண்டையில் இரண்டாகிவிட்டது. நான் இரண்டிலும் உறுப்பினர். இரண்டு இடத்திலும் வடை நன்றாக இருக்கும். ஆகவே ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் கறுப்பினப் பெண்மணி தன் சங்கத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம், பார்ப்போம் பார்ப்போம் என்று மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அவர் ஓய்வுபெற்ற தாதி. கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. இளவயதில் அமெரிக்காவில் படித்தபோது கறுப்பின மாணவிகளின் சகோதரிச் சங்கம் ஒன்றில் சேர்ந்தவர். நூறு வருடங்களுக்கு முன்னர், அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான சில மாணவிகள் கூடித் தொடங்கிய சங்கமாம் அது. படிப்பு முடிந்ததும் விட்டுப்போகிற விடயம் இல்லை. சேர்ந்தால் சாகும்வரை சகோதரிதான். இங்கேயும் கிளை உண்டு. சனிக்கிழமைகளில் சமூக நிலையத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், பெரியவர்களுக்கு பிரஷர் பார்ப்பார்கள், பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளுக்குக் கைகொடுப்பார்கள். என் பிரஷரைக் கண்டுபிடித்ததும் அவர்தான். உப்பைக் குறை என்றார். எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

போன குளிர்காலத்தில் அவர் வாசல் ஐஸில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. சத்திரசிகிச்சை முடிந்து நான் பார்க்கப் போயிருந்த நேரம், நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் வேலையைக் கவனிக்கும் பெண் வந்தார். வீட்டில் இரவும் பகலும் யாராவது கூட இருக்கவேண்டும், இல்லையென்றால் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்பலாம் என்றார். கொஞ்ச நாளைக்கு என்று அங்கே போனவர்களில் வீடு திரும்பாதவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தாதியாக எத்தனை பேரை அனுப்பி வைத்திருப்பார்.

"என் சங்கத்துச் சகோதரிகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"சங்கத்தை நம்பி மனிசி வீட்டை வரப்போறாவாம். எனக்கெண்டால் பயமாக் கிடக்கு."

"உம்மட சங்கம் மாதிரித்தான் அதுவும் இருக்கும். கூட்டம் வைப்பினம், படம் எடுப்பினம், பிறகு உடைவினம்."

"அப்ப அவ எங்க போறது?"

"நீர் வேலைக்குப் போகாமல் நிப்பீரே?"

வெளிக்கிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அவர் வருவதற்கு முதல்நாள் எங்கள் வீட்டு வரிசையில் கார் விட இடமில்லை. பக்கத்து வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். சங்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை, நெஞ்சில் சங்கத்தின் பெயரான கிரேக்க எழுத்துகள். ஒருவர் குளியலறைச் சுவரில் கைபிடி பொருத்தினார். இருவர் கட்டிலைக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். கால் தடக்கும் என்று இன்னொருவர் கம்பளத்தைச் சுருட்டினார். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். இங்கே தேர் நகர்ந்துகொண்டிருந்தது, வடத்தை முதலில் பிடித்தது நான்தான் என்று ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. மூக்கில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் எங்கள் ஆட்களின் புத்தி சும்மா இருக்குமா? என் வீட்டுக்கு ஓடிப்போய் அலுமாரியில் இருந்த பொன்னாடையை எடுத்து வந்தேன். தலைவிக்குப் போர்த்தாமல் விட்டால் அது என்ன மரியாதை? முத்துமாலை அணிந்து, நரைத்த தலையை நேர்த்தியாக வாரிய ஒருவர் சோபாவில் மிடுக்காக இருந்தார். நேரே போய் அவருக்குப் போர்த்திக் கைகூப்பினேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு முழங்கால் சரியில்லை, அதனால்தான் என்னை இருத்தி வைத்திருக்கிறார்கள். தலைவி மேலே இருக்கிறார்" என்று பொன்னாடையை மடித்துத் திருப்பித் தந்தார்.

மேலே போனேன். தலைவி பெரிய சட்டத்தரணியாம். ரப்பர் கையுறையோடு முழங்காலில் நின்று கழிப்பறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொன்னாடையைப் பார்த்து, "என்ன அழகு!" என்றார். "அந்த வாளியைக் கொஞ்சம் எடுத்துத் தருவீர்களா?" எடுத்துக் கொடுத்தேன். எங்கள் இரண்டு தலைவிகளையும் அந்தத் தரையில் வைத்துக் கற்பனை செய்து பார்த்தேன். கற்பனைக்கும் ஓர் எல்லை உண்டு.

வேலை முடிந்ததும் எல்லோரும் சாப்பிட நின்றார்கள். சாப்பிடுமுன் கைகோத்து, சங்கத்தைத் தொடங்கிய பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் மனப்பாடம். எப்போதோ மண்ணுக்குப் போய்விட்ட பெண்களை, பக்கத்து அறையில் இருப்பவர்களைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என்னுடைய கையையும் யாரோ பிடித்திருந்தார்கள்.

அடுத்த நாள் அவர் வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு பனி உருகும்வரை அந்த வீட்டில் ஒருவர் போக ஒருவர் வந்தார்கள். இரவில் தங்கியவர்களில் ஒரு தாதி, சின்ன வயதில் அந்தச் சனிக்கிழமை வகுப்பில் இவரிடம் கணக்குப் படித்தவர். சமைத்தார்கள், குளிக்க வார்த்தார்கள், நடக்கப் பழக்கினார்கள். ஒரு நாள்கூட அவர் தனியாக இருக்கவில்லை. "உதெல்லாம் எங்கட ஆக்களால ஏலாது" என்று என் கணவரே ஒத்துக்கொண்டார்.

வசந்தத்தில் ஊன்றுகோலோடு தானாகவே நடந்து என் குசினிக்கு வந்து தேத்தண்ணி குடித்தார். குளிர்காலம் முழுக்க என் தொண்டையில் கிடந்த கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அவர்கள் வராமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "யார் வராமல்?"

என் ஆங்கிலத்தில்தான் பிழை என்று நினைத்து, இன்னொரு தடவை ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி, நான் விளக்கிச் சொல்வேன் என்று காத்திருந்தார். இத்தனை வருடத்தில் அப்படியொரு கேள்வி அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. எனக்குப் பொறாமையில் கண் கலங்கிவிட்டது.