கோடிங் புத்தகத்தில் தைத்த துணி

நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் தேர்வுக்குப் புத்தகம் கொண்டுபோகலாம். பக்கங்களைச் சட்டென்று எடுக்க, திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லரான என் கணவர் ஓரங்களில் கலர் துணித்துண்டுகளைக் கையால் தைத்துக் கொடுத்திருந்தார்.

கோவைத் தேர்வு மையத்தின் வாசலில் கண்காணிப்பாளர் என்னைத் தடுத்தார்.

"ரூல் மாத்திட்டாங்கம்மா. புத்தகத்துல எதையும் ஒட்டவோ தைக்கவோ கூடாதுங்க. இதோட உள்ள விட முடியாது."

கதவடைக்கும் நேரம். பிய்த்து இழுத்தால் பக்கமே கிழிந்துவிடும். வெளியே நின்ற கணவரிடம் ஓடினேன்.

"அழுவாத, இங்க குடு" என்றவர், சட்டைப்பையிலிருந்து நூல் வெட்டும் ட்ரிம்மரை எடுத்து, ஒரு பக்கமும் கிழியாமல் தையல்களைப் பிரித்தார். கடைசி ஆளாக உள்ளே நுழைந்தேன். தேறியும் விட்டேன்.

வருடாவருடம் குறியீடுகள் மாறும் என்று தெரிந்த எனக்கு, தேர்வு விதியும் மாறும் என்று தோன்றவே இல்லை. இப்போது அடுத்த தேர்வுக்குப் படிக்கிறேன். புது விதிகளை முழுதாக வாசித்து முடிக்கும்வரை, புத்தகத்தை அவர் கண்ணில் காட்டுவதில்லை.