நீலமென்று அக்கா சொன்ன முட்டை

என் அக்கா அதை நீலம் என்றுதான் சொன்னாள். அவளுடைய மாமியார் பச்சை என்றாள். அந்த வீட்டில் மாமி சொன்னதுதான் நிறம். அன்றைக்கு அக்கா கொஞ்சம் வாயாடியிருக்கக் கூடாதா என்று இந்த வயதிலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அமரவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குப் போகிற வழியில் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அத்தான் கொழும்பிலிருந்து புறப்படும் கப்பல்களில் சமையல்காரர். வருஷத்துக்கு ஒருமுறை வருவார், சில வருஷம் அதுவும் இல்லை. அதனால் அக்காவுக்குத் துணையாக என்னை அங்கே விட்டிருந்தார்கள். அவளுக்குப் பிள்ளையில்லை. மாமி அதைச் சும்மா விடுவாளா? புருஷன் கப்பலில் இருந்தால் பிள்ளை என்ன கடலிலா பிறக்கும் என்று எனக்கு நாக்கின் நுனிவரை வரும். அக்கா என் கையைக் கிள்ளி அடக்கிவிடுவாள்.

ஒருமுறை அத்தான் கூடையில் ஒரு கோழியோடு வந்து இறங்கினார். உலகத்தின் அந்தப் புறத்திலிருந்து வந்த ஒரு மாலுமி கொடுத்ததாம். அதற்கு வாலே கிடையாது. காதோரம் இரண்டு பக்கமும் மீசை மாதிரி முடி. தெருவே கூடிச் சிரித்தது. "வால கப்பல்ல வச்சிட்டு வந்துட்டா?" என்று அடுத்த வீட்டுக்காரி கேட்டாள். மறுநாள் அது முட்டையிட்டதும் சிரிப்பு நின்றது. மழை விட்ட வானம் போல ஒரு நிறம்.

"நீலம்!" என்றாள் அக்கா.

"கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? இது பச்சையாக்கும்" என்றாள் மாமி. அதற்குப் பிறகு ஊர் முழுக்க அது பச்ச முட்டைதான்.

அத்தான் திரும்பிப் போகிற அன்று அக்காவிடம், "நான் வரும்போ முற்றம் நெறைய இதுக்க குஞ்சு நிக்கணும். நீ செய்வ, எனக்குத் தெரியும்" என்றார். நீ செய்வாய் என்று அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. எல்லோரும் உன்னால் ஆகாது என்றே சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் அந்தக் கோழியைத் தாங்கிய தாங்கு இருக்கிறதே! மரச்சீனிக் கிழங்கை அவித்து உதிர்த்து ஊட்டுவாள், கறையான் புற்றைக் கொத்திக் கொண்டுவந்து போடுவாள். சீமைக் கோழிக்கு அடைகாக்கத் தெரியவில்லை. நாட்டுக்கோழி ஒன்று அடைக்கு உட்காரட்டும் என்று, நீல முட்டைகளை உமிப் பானையில் புதைத்துச் சேர்த்து வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தானின் அண்ணன் இருமலில் படுத்தார். ஆள் எலும்பும் தோலுமாகிவிட்டார். ஒற்றசேகரமங்கலத்திலிருந்து மலையாள வைத்தியர் ஒருவரை வரவழைத்தார்கள். நாடி பிடித்து, கஷாயம் சொல்லிவிட்டு, கிளம்பும்போது, "தெவசம் காலத்து பச்ச முட்ட கொடுக்கணும், கேட்டோ" என்றார். தினமும் காலையில் என்கிறார்.

பச்சை என்றால் மலையாளத்திலும் பச்சைதான், தமிழிலும் பச்சைதான். வேறு எந்த வீட்டில் சொல்லியிருந்தாலும் வேகாத முட்டை என்று புரிந்திருக்கும். எங்கள் வீட்டில் பச்சையாகவே ஒரு முட்டை இருந்துதொலைத்தது. மாமி நேரே உமிப் பானைக்குப் போனாள்.

"மாமி, நாட்டுக்கோழி முட்டை போராதா?" என்று அக்கா கெஞ்சினாள்.

"வைத்தியரு வாய் தொறந்து பச்சன்னு சொல்லியாச்சு. எனக்க பிள்ளைக்க உயிரவிட ஒனக்குக் கோழி பெருசா?"

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மாமி எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அதிலும் கொடுமை, நோயாளி வயிறு தாங்காது என்று ஒவ்வொன்றையும் நன்றாக அவித்து, உரித்து, மிளகுத்தூள் தூவிக் கொடுத்தாள். அவிக்கிற வேலையும் அக்கா தலையில்தான். தண்ணீர் கொதிக்கும்போது அவள் அடுப்பைப் பார்க்க மாட்டாள். இரண்டு நாட்டுக்கோழிகள் அடைக்கு உட்கார்ந்து, முட்டையில்லாமல் எழுந்து போயின.

மழைக்காலம் முழுக்க அப்படிப் போனது. அண்ணன் எழுந்து நடமாடிய பிறகு வைத்தியர் மறுபடி வந்தார். உரித்த முட்டையோடு கிண்ணம் எதிரே இருந்தது.

"இதெந்தா? புழுங்கிய முட்டயோ? ஞான் பறஞ்ஞது பச்ச முட்டயல்லே?"

மாமி ஓடிப்போய் முட்டைத் தோட்டை எடுத்துவந்து நீட்டினாள். "பச்சதான வைத்தியரே, நல்லாப் பாரும்!"

வைத்தியர் தோட்டைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "வேவிக்காத்தது அம்மே, வேவிக்காத்தது!"

அண்ணன்கூடச் சிரித்துவிட்டார். அக்கா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். "ஒண்ணும் இல்ல மக்கா, ஒண்ணும் இல்ல" என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த வைத்தியரை மருந்துப் பெட்டியோடு கிணற்றில் தள்ளியிருப்பேன்.

அதற்குள் சீமைக் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. இறகு உதிர்ந்து மூலையில் ஒடுங்கியது. கோழிச்சீக்கு வந்தபோது முதலில் போனது அதுதான். அது கடைசியாக இட்ட ஒரே ஒரு நீல முட்டை பானையில் மிச்சமிருந்தது. அக்கா அதை அடுத்த வீட்டு அடைக்கோழிக்கு வைத்தாள். பொரித்தது. காதோரம் மீசையுள்ள ஒரு பெட்டைக் குஞ்சு, தகப்பன் நாட்டுச் சேவலானதால் வால் மட்டும் இருந்தது. பருந்துக்குப் பயந்து அதைப் பஞ்சாரத்தைவிட்டு அவள் வெளியே விடவே இல்லை. மாமி தானே நொய்யரிசி கொண்டுவந்து போட ஆரம்பித்தாள்.

அத்தான் வந்தபோது அது முட்டையிடும் பருவம். காலியான முற்றத்தைப் பார்த்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். "இது தாய் மாதிரியே இடும், பாருங்க" என்றாள். அவரும் எங்களோடு காத்திருக்க ஆரம்பித்தார்.

ஒரு காலை அது கொக்கரித்தது. அக்கா பஞ்சாரத்துக்குள் கைவிட்டு எடுத்தாள். தவிட்டு நிறம். ஊரில் எந்தக் கோழியும் இடுகிற முட்டை.

"போட்டும்டி" என்றார் அத்தான். "அடுத்த தடவ வேற கொண்டு வாறேன்." அந்த மாலுமியை அவர் பிறகு எந்தத் துறைமுகத்திலும் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து மாமி கேட்டாள், "என்ன நெறம் மக்கா?" அவளை மக்கா என்று மாமி கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பச்சதான் மாமி" என்றாள் அக்கா. முட்டையைக் கதவு நிலையில் தட்டி உடைத்து, அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டாள். அவள் பச்சை முட்டை குடித்து அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.