தம்பி அழுதால் ஜிம்மி வரும்

டீயில் நனைத்த பொறை பிஸ்கட்டின் வாசனை... எந்தக் கடை வாசலிலாவது அது மூக்கில் ஏறினால் போதும். எனக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு நடு அறை. எதிரே எங்கள் நாய் ஜிம்மி, என் கையிலிருக்கும் பொறைத் துண்டையே பார்த்துக்கொண்டு.

எழுபதுகளின் தொடக்கம் அது. தம்பி பிறந்த ஒரே மாதத்தில் அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். காய்ச்சல் போனபோது இரண்டு காதும் கூடவே போய்விட்டன.

அப்பா முன் அறையில் பட்டு நெய்வார். தறி ஓடினால் வேறெதுவும் கேட்காது. நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். ஒருநாள் நான் திரும்பி வந்தபோது, தம்பி தூளியில் அழுது அழுது, குரலே கம்மிப்போய்க் கிடந்தான். அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டினேன். துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை...

சேதி கேட்டு வாலாஜாபாத்திலிருந்து பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. குழந்தை இல்லாதவள்.

"கொழந்தைய நான் தூக்கிக்கினு போறேன்பா. நடக்கிற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். இவளுக்குத்தான் ஒண்ணும் கேக்கலியே, எதுனா ஆயிட்டா இன்னா பண்ணுவ?"

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "ஒரு மாசம் டைம் குடுங்கக்கா" என்றார்.

ஜிம்மிக்கு உட்காரவும், கை கொடுக்கவும் நான் ஏற்கெனவே பழக்கியிருந்தேன். அன்று சாயங்காலம் மெதுவாகக் கேட்டேன்.

"யப்பா... தம்பி அழுதா, ஜிம்மி போய் அம்மா பொடவைய இழுக்கிற மாதிரி பழக்கலாமா?"

அப்பா சிரிக்கவில்லை. "செய்யுமாம்மா அது?" என்றார்.

அம்மாவின் முந்தானையில் பொறையை முடிந்து, இழுக்கப் பழக்கினோம். அது இரண்டே நாளில் வந்துவிட்டது. அழுகைதான் கஷ்டம். நமக்கு வேண்டிய நேரத்தில் தம்பி அழ மாட்டானே! அதனால் அப்பா அழுதார். தெருவில் யாரிடமும் நாலு வார்த்தை பேசாத மனிதர், தூளிக்குப் பின்னால் குந்திக்கொண்டு "ங்ஙா... ங்ஙா..." என்று. ஜிம்மி ஓடிப்போய் அவர் முகத்தை நக்கியது. அம்மா சிரித்துவிட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

அப்புறம் ஒரு வாரம் என் பாவாடையை இழுத்துக் கிழித்தது. ஒருவழியாக, இழுக்க வேண்டியது யாரை என்று அதற்குப் புரிந்தது.

மாதம் முடிந்து பெரியம்மா வந்தாள். பையில் அவளே தைத்த சின்னச் சின்னச் சட்டைகள். சாப்பாடு முடிந்து அம்மா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது தம்பி சிணுங்க ஆரம்பித்தான். நான் எழுந்தேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு. பாக்கலாம்."

சிணுங்கல் அழுகையானது. வாசலில் படுத்திருந்த ஜிம்மியின் ஒரு காது அசைந்தது. அவ்வளவுதான்... பிறகு எழுந்தது, உடம்பை உதறியது, ஒரே ஓட்டமாகக் கொல்லைக்கு ஓடியது.

சாம்பல் படிந்த கையோடு அம்மா வந்தாள். முந்தானை ஜிம்மியின் வாயில். வந்த வேகத்தில் தம்பியை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

பெரியம்மா அவள் முகத்துக்கு நேரே நின்று, வாயசைவு புரியும்படி மெதுவாகச் சொன்னாள்.

"உம்புள்ள... உங்கிட்டயே இருக்கட்டும்மா."

சட்டைகளைத் தூளிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டு, அப்போதே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஜிம்மி அந்த வேலையைக் கடைசிவரை விடவில்லை. தம்பியைப் பள்ளியில் சேர்க்கக் கிளம்பிய அன்று அவன் அழுதானே, அப்போதும் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தது!

இன்று என் மகள் வீட்டில் குழந்தை புரண்டு படுத்தால் அவள் போனில் தெரிகிறது. நல்லதுதான்... அம்மாவுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பாள். ஆனால் எங்களுக்கு ஒரு ஜிம்மி இருந்தது, வெட்கப்படாமல் அழுத ஒரு அப்பா இருந்தார். அதுவே பெரிய கொடுப்பினை.

அன்று நான் ஜிம்மியைக் கட்டிக்கொண்டு குதித்தேன். காலிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாலாஜாபாத் வரை தனியாகப் போனவளை நினைக்கத் தோன்றவில்லை. நானே ஒரு பேரக்குழந்தையைக் கையில் ஏந்திய பிறகுதான் தோன்றுகிறது.

ரொம்ப நன்றி, பெரியம்மா.