கேமரா பார்க்காத பக்கம்

நடந்து பதினோரு நாள் ஆகிறது. இன்னமும் யாராவது எங்காவது கதவைத் தட்டினால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அப்பாவும் அப்படித்தான் இருக்கிறார், வெளியே காட்டிக்கொள்வதில்லை.

அப்பாவுக்கு ஸ்டுடியோவில் 'கதவு' என்றுதான் பெயர். "கதவு வந்தாச்சா?", "கதவு சாப்பிடப் போயிருக்கு" என்று அஃறிணையிலேயே பேசுவார்கள். அவருக்கு அதில் கொள்ளைப் பெருமை. டிவி தொடர்களுக்கு செட் போடும் தச்சர் அவர். இருபத்தெட்டு வருஷமாக அவர் செய்த கதவுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு ஊருக்கே போதும். ஆனால் அதில் ஒரு கதவைக்கூட நம்பி யாரும் இரவு தூங்க முடியாது.

செட் கதவு என்பது ஒரு பக்கத்துச் சமாசாரம். கேமரா பார்க்கிற பக்கத்தில் வார்னிஷ், பித்தளைக் கைப்பிடி, பூவேலை எல்லாம் இருக்கும். மறுபக்கம் வெறும் பிளைவுட், ஆணி முனைகள், பென்சிலால் எழுதிய அளவுகள். அந்தப் பக்கம் கைப்பிடி கிடையாது, தேவையும் இல்லை. கதவுக்குப் பின்னால் அறையே இல்லையே! கதாநாயகி அழுதுகொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். அங்கே ஒயர்களும் டீ பிளாஸ்க்கும் இருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

கொஞ்ச காலமாக ரகசிய அறைகள் காட்டில் மழை. கதை எழுதுகிறவர்களுக்குக் கதை நகராதபோதெல்லாம் எந்த வீட்டிலாவது ஒரு ரகசிய அறை கிடைத்துவிடும். நிலைக்கண்ணாடி திறக்கும், அலமாரி திறக்கும், ஒரு தொடரில் ஃப்ரிட்ஜே திறந்து வழி விட்டது. எல்லாம் அப்பாவின் கைவேலை.

அம்மா கேட்டதும் ஒரு அறைதான், ரகசியமெல்லாம் அவள் கேட்கவில்லை. "எனக்குன்னு ஒரு மூலை வேணும். கொஞ்ச நேரம் யார் கண்ணுலயும் படாம உக்காரணும்" என்றாள். குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டி, சீப்பு எங்கே என்று கேட்கிற குடும்பம் நாங்கள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. நாங்கள்தான் அதை நான்கைந்து வருஷம் ஜோக்காகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவளுடைய ஐம்பதாவது பிறந்த நாளுக்கு அப்பா திடீரென்று ரோஷம் வந்து வேலையில் இறங்கினார். ஹாலின் கோடியில், மாடிப்படிக்கு அடியில், தட்டுமுட்டுச் சாமான் போடும் இடம் ஒன்று இருந்தது. எட்டடிக்கு நாலடி. அதைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, ஒரு நாற்காலியும் விளக்கும் போட்டார். உயரத்தில் கை அகலத்துக்கு ஒரு காற்றோட்டத் துவாரம், அது பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைச் சுவரைப் பார்த்தது. முன்னால் புத்தக அலமாரி போலவே ஒரு கதவு. அதில் தெர்மோகோல் புத்தகங்களுக்கு நடுவே இருக்கும் சிவப்புப் புத்தகத்தைப் பிடித்து இழுத்தால் ஸ்பிரிங் பூட்டு விடுபட்டு அலமாரி ஹாலுக்குள் திறக்கும். சாத்தினால் 'டக்'கென்று தானே மாட்டிக்கொள்ளும்.

வந்தவர் போனவருக்கெல்லாம் அப்பா அந்தப் புத்தகத்தை இழுத்து இழுத்துக் காட்டினார். அம்மா உள்ளே உட்காரும்போது கதவிடுக்கில் ஒரு ஸ்டூலை வைத்துக்கொள்வாள். யாராவது கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் யாராவது கூப்பிடத்தான் செய்தோம்.

அன்றைக்குக் காலையில் அப்பாவும் நானும் ஒன்பதரைக்குக் கிளம்பினோம். எனக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பும்போது தெருமுனையில் அப்பாவைப் பார்த்தேன், சேர்ந்தே வந்தோம். மணி அடித்துப் பார்த்துவிட்டு என் சாவியால் திறந்தேன். வீடு இருட்டாக இருந்தது.

வாசலில் அம்மாவின் செருப்பு கிடந்தது. அவளிடம் இருப்பது அந்த ஒரு ஜோடிதான். நான் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு என் செருப்பை அங்கே விட்டேன்.

அப்பா உள்ளே வந்ததும் வராததுமாக டிவியைப் போட்டார். மரம் அறுக்கும் மெஷின் பக்கத்திலேயே நின்று அவருக்குக் காது மந்தம். அவர் வைக்கிற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

"எங்கடி உங்கம்மா?"

"சித்தி வீட்டுக்குப் போயிருப்பாப்பா. போன் டேபிள்லயே கெடக்கு."

"சொல்லிட்டுப் போனா என்ன, வாயில இருக்கற முத்து கொட்டிடுமா? மனுஷன் வேலைக்குப் போயிட்டு வந்தா ஒரு டீ போட்டுக் குடுக்க நாதியில்ல."

அவருடைய புதுத் தொடர் ஆரம்பித்தது. கதாநாயகியை மாமியார் ரகசிய அறையில் தள்ளிப் பூட்டுகிற காட்சி. அலமாரிக் கதவு எங்கள் வீட்டுக் கதவின் அக்கா மாதிரி இருந்தது.

"அந்த ஷெல்ஃபப் பாரு, நம்ம வேலை" என்றார் அப்பா.

கதாநாயகி உள்ளேயிருந்து தட்டினாள். தட்... தட்... தட். நிதானமாக, களைத்துப்போய்த் தட்டினாள். அப்பா தொடையில் தட்டி ரசித்தார். "சவுண்டுக்காரன் பின்னிட்டான். பக்கத்துல கேக்கற மாதிரியே இருக்கு பாரு!"

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு பிஸ்கட் டப்பாவைத் தேடினேன்.

விளம்பரம் வந்தது. ஒரு பெண் வெள்ளைச் சட்டையை உதறிக் காட்டிச் சிரித்தாள். தட்... தட்... தட்.

"டிவி ரிப்பேரா?" என்றார் அப்பா. நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மொத்தமாக நிறுத்தினேன். அந்தப் பெண் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தட்.

அப்பா எழுந்தார், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் செய்த கதவை அவருக்கே திறக்கத் தெரியவில்லை. சிவப்புப் புத்தகத்தை விட்டுப் பக்கத்துப் புத்தகத்தை இழுத்தார். தெர்மோகோல் புத்தகம் கையோடு வந்துவிட்டது. நான் அவரைத் தள்ளிவிட்டுத் திறந்தேன்.

அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு செருப்பில்லை, கரண்டியில்லை, வெறும் முஷ்டி. விரல் முட்டிகள் வீங்கித் தோல் உரிந்திருந்தன. புடவையின் ஒரு பக்கம் நனைந்திருந்தது. கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம், மனுஷி வேறென்ன செய்வாள்! கதவின் உட்பக்கத்தில் வழவழவென்று பிளைவுட்தான் இருந்தது. அதில் 'இந்தப் பக்கம் மேலே' என்று அப்பாவின் பென்சில் எழுத்து, அதற்குக் கீழே நகக் கீறல்கள்.

அப்பா அந்தப் பலகையைப் பார்த்தபடி நின்றார். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தைத் தடவினார். "வெக்கல... நான் வெக்கவே இல்ல" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. என்னை யார் அறைவது என்றும் தெரியவில்லை.

இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் அம்மாவுக்குக் குரல் வந்தது. அதுவும் வெறும் காற்றாக.

"ஸ்டூலு நழுவிடுச்சாம்மா?" என்றேன்.

"நான்தான் எடுத்தேன். வீட்ல யாருமில்லையேன்னு ஒரு தடவ சாத்திப் பாத்தேன். தள்ளினா தெறக்கும்னு நெனச்சேன். கதவு செய்யறவர் வீட்டுக் கதவாச்சே."

அப்பா தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நாங்க வந்தது கேக்கலயா உனக்கு?"

"மணி அடிச்சதுலேர்ந்து கேட்டுச்சு. கத்தறதுக்குத் தொண்டையில்ல. தட்டினேன், தட்டினேன்." என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். "டீக்கு நாதியில்லன்னீங்களே, அதும் கேட்டுச்சு."

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். அம்மா அவரைத் தேற்றவில்லை. அது எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. கடப்பாரையோடு அலமாரி முன்னால் நின்றார். பெயர்த்து எறிந்துவிடப் போகிறேன் என்றார். அம்மா கட்டுப்போட்ட கையோடு சமையலறையிலிருந்து வந்தாள்.

"எடுக்க வேணாம். உள்பக்கம் ஒரு கைப்பிடி வைங்க. அதோட ஒரு தாழ்ப்பாளும் வைங்க."

"தாழ்ப்பாளா?" அப்பா கடப்பாரையைக் கீழே வைத்தார். "செத்துப் பொழச்சிருக்க. மறுபடியும் உள்ள போவியா?"

"மொத ஒரு மணி நேரம், மாட்டிக்கிட்டேன்னு தெரியறதுக்கு முன்னாடி, அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க. யாரும் எதுவும் கேக்கல."

அப்பா அளவெடுத்தார். கைப்பிடி வைத்தார், தாழ்ப்பாள் வைத்தார், உள்பக்கத்தை இழைத்து இரண்டு கோட் வார்னிஷும் அடித்தார். வார்னிஷ் காய இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் சாயங்காலம், நாங்கள் இருவரும் ஹாலில் இருக்கும்போதே, அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு மணி நேரம் ஆயிற்று. டிவியை யாரும் போடவில்லை. நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை கேட்க அப்பா இரண்டு தரம் எழுந்து, கதவுவரைக்கும் போய், கையைத் தூக்கி, திரும்பி வந்து உட்கார்ந்தார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் தட்டுவது?