அறுபதைத் தாண்டிய சினேகிதர்கள்

அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ரத்த வங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனைவிக்கு வயிற்றுப் புண் உடைந்து காலையிலிருந்து ரத்த வாந்தி. சாயங்காலத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். அதற்கு ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு பாட்டில் தேவை. கையிருப்பு இல்லை.

"ரெண்டு டோனரைக் கூட்டிட்டு வாங்க சார், சீக்கிரம்" என்றாள் ஜன்னலுக்குள் இருந்த பெண்.

ஆள் பிடிப்பதுதானே? அரசாங்க உத்தியோகத்தில் நான் மனம் வைத்துச் செய்த வேலையே அதுதான். தி.நகர் மண்டபங்களில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வரிசையில் நின்று மணமக்களோடு போட்டோ எடுத்துக்கொள்வேன். ஆங்கிலப் புத்தாண்டு அன்று மேலதிகாரிகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுக்கும் வழக்கத்தை ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. டெலிபோன் இணைப்புக்கு ஒருவர், காஸ் சிலிண்டருக்கு ஒருவர், ரயிலில் எமர்ஜென்சி கோட்டாவுக்கு ஒருவர். எல்லார் எண்ணும் மனப்பாடம்.

எதிரே இருந்த போன் பூத்துக்கு ஓடினேன். முதலில் அபிராமபுரத்தில் என் பழைய மேலதிகாரி.

"நானே ஓடி வந்துடுவேன் ஓய். ஆனா எனக்கு அறுபத்தேழு ஆச்சே. எடுத்துப்பாளா?"

எடுக்க மாட்டார்கள். அறுபதுக்கு மேல் தானம் கிடையாது. விதி எனக்குத் தெரியும். சினேகிதர்களின் வயதுதான் தெரியாமல் போயிற்று. அத்தனை பேர் பிரிவுபசார விழாவிலும் மாலை போட்டவன் நான்.

அடுத்தவர் சொன்னார்: "சுகர், பி.பி., பைபாஸ். என்னைப் பிழிஞ்சா மாத்திரைதான் சார் வரும்."

அதற்கடுத்தவர்: "பையன் இருந்தா இந்த நிமிஷம் அனுப்பிடுவேன். அவன் நியூஜெர்சியில இருக்கானே." என் மகளும் அங்கேதான்.

வாழ்நாளெல்லாம் மேலே பார்த்தே ஆள் சேர்த்திருந்தேன். மேலே இருந்தவர்கள் எல்லாரும் எனக்கு முன்னால் கிழவர்களாகிவிட்டார்கள். ரிசீவர் வியர்வையில் வழுக்கியது. மனைவிக்குப் பிறகு அந்த வீட்டில் நான் மட்டும் என்ற நினைப்பு வந்தது.

மிச்சமிருந்தது ஒரு எண். சாந்தோமில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர். மகளின் எல்.கே.ஜி. இடத்துக்காக எப்போதோ பிடித்த தொடர்பு. இடம் கிடைத்து, அவள் படித்து, கடல் தாண்டிய பிறகும் கிறிஸ்துமஸ் அன்று போய் கேக் சாப்பிட்டு வருவேன். நிறுத்தச் சொல்லி உத்தரவு எதுவும் வரவில்லை. அந்த அம்மாளுக்கு எழுபது. கேட்டுப் பயனில்லை என்று தெரிந்தே கேட்டேன்.

"என்ன சார், குரலே சரியில்லையே! எங்க மாதா கோயில் பசங்க வருஷா வருஷம் ரத்தம் கொடுக்கறாங்க. யாருக்கு என்ன குரூப்புன்னு அதுங்களுக்கே தெரியும். நீங்க அங்கயே இருங்க."

இருந்தேன். மணி நகரவில்லை. நர்ஸ் இரண்டு முறை வந்து "வந்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் முறை கேட்காமலே முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

பிறகு ஒரு பைக்கில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவன் பாங்கு ஊழியன், இன்னொருவன் மெக்கானிக். இருவருக்கும் ஓ நெகட்டிவ்; இருவருமே அந்த அம்மாளிடம் படித்தவர்கள். ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்தியபடி மெக்கானிக் கேட்டான்: "எங்க டீச்சருக்கு நீங்க இன்னா வேணும் சார்?"

"வருஷத்துக்கு ஒரு நாள் கேக் சாப்பிடறவன்."

அவன் சிரித்தான். நான் அறுவை அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகு டாக்டர் வெளியே வந்து, "பயமில்லை" என்றார். அவருக்கு இல்லை.

அடுத்த புத்தாண்டு அன்று எலுமிச்சம்பழத்தோடு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன்.

"இன்னாத்துக்கு சார் இது? வண்டி சக்கரத்துல வைக்கவா?"

பழத்தை அவன் கையில் திணித்துவிட்டு, அவன் வயதைக் கேட்டேன்.